நூறு ரூபாய்த் தாளின் நடுவரி: ஒரு மாணவர் மர்மக் குறும்படத்தின் முன்தயாரிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

மொரீசியஸின் ரோஸ் ஹில் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் படிக்கும் மாணவர் ஏழு பேர், குளிர்கால விடுமுறையில் 12 நிமிட மர்மக் குறும்படம் ஒன்றை எடுக்க முடிவு செய்தார்கள். அவர்களுக்குத் தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் என்னையும் உடனிருக்கும்படி கேட்டார்கள். ஜூன் மாதத் தொடக்கத்திலிருந்து, கேமரா முதன்முதலாக முக்காலியில் ஏறிய ஜூலை இறுதி வரை, ஏறத்தாழ ஏழு வாரம் அந்த வேலையில் அவர்களோடு இருந்தேன். அந்த ஏழு வாரத்தில் நடந்ததை மட்டுமே இங்கே எழுதுகிறேன். மர்மக் கதையின் வெற்றி தோல்வியில் பெரும்பகுதி படப்பிடிப்புக்கு முன்பே, தாளிலும் பென்சிலிலும் தீர்மானமாகிவிடுகிறது என்பதை இந்தப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் நான் கண்டுகொண்டேன்.

கதை

1996-ஆம் ஆண்டு, ஊர்க் கோயில் ஒன்றில் தைப்பூசக் காவடி அன்னதானத்துக்காகத் திரட்டிய பணம் காணாமல் போகிறது. கோயில் கிடங்குச் சாவியை வைத்திருந்தவர் கதை நாயகியின் தாத்தா. அந்தப் பணத்தில் ஒரு கட்டு அவருடைய பையில் கிடைத்ததாகச் சொல்லி, கோயில் பொருளாளர் அதை ஓர் உறையில் இட்டு ஒட்டி, மேலே 1996 பிப்ரவரி என்று தேதி எழுதிச் சாட்சியாக வைத்துவிடுகிறார். தாத்தா பழியோடு இறந்துபோகிறார். திருட்டுப் பணம் என்று பெயர் எடுத்த அந்தக் கட்டை உண்டியலில் சேர்க்க யாருக்கும் மனம் வராததால், உறை கிடங்கு அலமாரியிலேயே கிடக்கிறது. இன்று 17 வயதான பேத்தி கிடங்கைச் சுத்தம் செய்யும்போது அதைக் காண்கிறாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே, 1996-இல் இருந்திருக்கவே முடியாத ஒரு தாள் இருக்கிறது.

அந்தத் தாள்தான் படத்தின் உயிர். மொரீசியஸ் ரூபாய்த் தாள்களில் தொகை ஆங்கிலத்திலும் தமிழிலும் இந்தியிலும் அச்சாகிறது என்பதும், வரிசை வழிவழியாக ஆங்கிலம், தமிழ், இந்தி என்றே இருந்து வந்தது என்பதும் இங்குள்ள தமிழர் எவருக்கும் தெரியும். 1998 நவம்பரில் வெளியான புதிய தாள்களில் அந்த வரிசை மாறி, இந்தி நடுவிலும் தமிழ் கீழேயும் வந்தது. தமிழ்ச் சமூகத்தில் கடும் எதிர்ப்பு எழவே அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999-இல் பழைய வரிசையோடு மீண்டும் அச்சிட்டு வெளியிடப்பட்டன. ஆகவே, நடுவில் இந்தி உள்ள ஒரு தாள் எந்தக் கட்டில் இருந்தாலும் அந்தக் கட்டு 1998 நவம்பருக்கு முன்பு கட்டப்பட்டிருக்க முடியாது. பொருளாளர் பணத்தைத் தானே செலவழித்துவிட்டு, பின்னாளில் கமிட்டி கணக்குக் கேட்டபோது அவசர அவசரமாக உறையைத் தயாரித்து, பழைய தேதியை எழுதினார் என்பது இந்த ஒரு தாளால் வெளிப்படுகிறது.

இந்த யோசனையைச் சொன்ன மாணவியே இயக்கப் பொறுப்பையும் ஏற்றாள். வெளியூர் மர்மக் கதைகளில் வரும் கைரேகையையும் துப்பாக்கியையும் விட்டுவிட்டு, நம் வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கக்கூடிய பொருளிலிருந்தே ஒரு துப்பை அவள் எடுத்ததுதான் என்னை முழு மனதோடு இந்த வேலைக்குள் இழுத்தது. துப்புக்குப் பொருத்தமாக நூறு ரூபாய்த் தாளையே தேர்ந்தோம். அதில் உள்ள முகம் தமிழ் வழிவந்த அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனுடையது.

நடந்தது வேறு, காட்டுவது வேறு

முதல் திரைக்கதை 14 பக்கம் இருந்தது. படிக்க விறுவிறுப்பாக இருந்தது, ஆனால் குற்றம் உண்மையில் எந்த நாளில் எப்படி நடந்தது என்று கேட்டால் ஏழு பேரும் ஏழு விதமாகப் பதில் சொன்னார்கள். எழுதியவளுக்கே பொருளாளர் உறையை எப்போது ஒட்டினார் என்பதில் தெளிவில்லை. ஒரு காட்சியில் 1997 என்று வந்தது, இன்னொன்றில் ‘சில வருடங்களுக்குப் பிறகு’ என்று வந்தது. தேதியே துப்பாக இருக்கும் கதையில் இந்த மயக்கம் அடித்தளத்திலேயே விழுந்த விரிசல்.

எனவே திரைக்கதையை மூடிவைத்துவிட்டு, இரண்டு நீளத் தாள்களைச் சுவரில் ஒட்டினோம். முதல் தாளில், படத்தில் காட்டப்போகிறோமா இல்லையா என்ற கவலையே இல்லாமல், நடந்ததை நடந்த வரிசையில் எழுதினோம்: பணம் திரட்டியது, செலவழித்தது, பழி சுமத்தியது, கமிட்டி கேட்டது, உறை ஒட்டியது, தாத்தா இறந்தது, பேத்தி கண்டெடுத்தது. இரண்டாவது தாளில் காட்சி எண்களை மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள் வரைந்தோம். இந்தக் காட்சி முடியும்போது பேத்திக்கு என்ன தெரியும், பார்ப்பவருக்கு என்ன தெரியும், பேத்திக்கு என்ன தெரியும் என்று பொருளாளர் நினைக்கிறார் என்பவையே அந்த மூன்று. மூன்றாவது கட்டம்தான் யாரும் எதிர்பாராத அளவுக்குப் பயன்பட்டது. பொருளாளர் எப்போது பயப்படத் தொடங்குகிறார் என்பது அதில்தான் தெரிந்தது. நான்காம் காட்சியில் அவருக்கு எந்தச் சந்தேகமும் எழக் காரணம் இல்லாதபோதே திரைக்கதை அவரை வியர்க்க வைத்திருந்தது. அந்த வியர்வையை எட்டாம் காட்சிக்குத் தள்ளினோம்.

இந்த இரண்டாவது தாளை நான் எந்த மாணவர் குழுவுக்கும் முதல் வேலையாகச் சொல்வேன். காட்சிகளைப் படமாக வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டு, ஷாட் பட்டியல், நாள்வாரி அட்டவணை எல்லாமே இதன்மேல் நிற்பவை.

பாட்டியின் ஆட்சேபம்

அட்டவணை முடிந்து, கதை இறுகிவிட்டது என்று நாங்கள் நினைத்த நேரத்தில், ஒரு மாணவியின் பாட்டி அதை உடைத்தார். அவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து கதையை முழுவதும் சொன்னோம். கேட்டு முடித்ததும், “அந்த நாளில் அந்தத் தாள் கையில் வந்தால் திருப்பித் திருப்பிப் பார்க்காத தமிழாள் உண்டா கண்ணு? கோயில் கணக்குப் பார்க்கிறவன் பார்க்காமலா உறையில் வைப்பான்?” என்று கேட்டார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. 1998 இறுதியில் அந்த வரிசை மாற்றம் தமிழ் வீடுகளில் பேசாத நாள் இல்லை. கோயில் பொருளாளர் ஒருவர் அதே தாளைக் கவனிக்காமல் உறையில் வைத்தார் என்றால், இந்த ஊர்ப் பார்வையாளர்கள் ஒருவரும் நம்பமாட்டார்கள். வெளிநாட்டுப் பார்வையாளர் ஒருவேளை கவனிக்காமல் போகலாம். ஆனால் இந்தப் படம் முதலில் இந்த வராந்தாவுக்காகத்தான் எடுக்கப்படுகிறது.

இரண்டு நாள் யோசித்து இரண்டு மாற்றம் செய்தோம். உறை ஒட்டிய நாளைப் புதிய தாள்கள் புழக்கத்துக்கு வந்த முதல் சில நாட்களுக்கு, அதாவது பேச்சு பரவுவதற்கு முன்பு, நகர்த்தினோம். அதோடு, பொருளாளருக்கு ஒரு கடை உண்டு என்று வைத்து, கடைப் பையன் எண்ணி நூலால் கட்டிக் கல்லாவில் போட்ட பத்துத் தாள் கட்டை அவர் பிரித்துப் பார்க்காமலே உறையில் இட்டார் என்று ஆக்கினோம். மேலேயும் கீழேயும் பழைய தாள்கள் இருக்க, புதிய தாள் நடுவில் சிக்கியது. இதனால் நூல் முடிச்சு ஒரு முக்கியப் பொருளாகிவிட்டது. இன்றைய காலக் காட்சி ஒன்றில் கடையில் அதே மாதிரி முடிச்சு போட்ட கட்டு ஒன்று கல்லாவில் கிடப்பதைக் காட்டினால், உறைக்குள் இருந்த கட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு வசனமே தேவையில்லை. பாட்டி தடுத்திராவிட்டால் இந்த முடிச்சு எங்களுக்குக் கிடைத்தே இருக்காது.

தாள் கைக்கு வந்த பிறகு

ரூபாய்த் தாளை நகலெடுத்துப் பொய்த் தாள் செய்யக்கூடாது என்று தொடக்கத்திலேயே திட்டவட்டமாகச் சொல்லிவிட்டேன். படத்துக்காக என்றாலும் அது சட்டச் சிக்கலைக் கொண்டுவரும். ஆகவே உண்மையான 1998 தாள் ஒன்று வேண்டும். ஒரு மாணவனின் தாத்தா அப்படி ஒரு நூறு ரூபாய்த் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அதை ஒரு மாலை மட்டும் பார்க்கத் தந்தார்.

எங்கள் திட்டத்தின் இரண்டு குறைகள் அந்த மாலையில் வெளிப்பட்டன.

முதல் குறை, எழுத்தின் அளவு. தமிழ் வரியின் எழுத்து உயரம் ஓர் அரிசிமணியின் நீளத்தைவிடக் குறைவு. திரைக்கதையில் பேத்தி கட்டிலிருந்து தாளை உருவி எடுக்கிறாள், கண் விரிகிறது, காட்சி வெட்டுப்படுகிறது. வகுப்பில் ஒரு போனை வைத்து அதை அப்படியே எடுத்து, கதை தெரியாத ஆறு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். தாள் திரையில் இருந்தது ஒரு விநாடிக்குச் சற்று அதிகம். ஒருத்தி மட்டும் ‘ஏதோ எழுத்து’ என்றாள். மற்ற ஐவருக்கும் அது வெறும் பணம்.

இதற்குத் தீர்வு நேரத்தை நீட்டுவது மட்டும் என்று முதலில் நினைத்தார்கள். நான்கு விநாடி காட்டிப் பார்த்தோம், அப்போதும் இருவர்தான் கண்டார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்கு முன்பே சொல்லித்தரவில்லை என்றால் எத்தனை விநாடி காட்டினாலும் பயனில்லை என்று ஒளிப்பதிவு மாணவன்தான் சொன்னான். அதனால் துப்பு படத்தில் மூன்று முறை வரும்படி அமைத்தோம். முதல் முறை, இரண்டாம் காட்சியில், கதையில் வரும் பாட்டி கடைக்குப் போக நூறு ரூபாய் கொடுக்கும்போது பள்ளிக்குப் போகும் சின்னப் பேரனிடம் தாளிலுள்ள தமிழைப் படிக்கச் சொல்கிறார். பையன் மேல் வரியைத் தொடுகிறான், பாட்டி அவன் விரலை நடுவரிக்கு நகர்த்துகிறார். பார்ப்பவர்களுக்கு இது கொஞ்சல் காட்சி. ஆனால் தமிழ் நடுவில் இருக்கும் என்பது அவர்கள் கண்ணில் பதிந்துவிடுகிறது. இரண்டாம் முறை, உறை பிரியும்போது. மூன்றாம் முறை, பேத்தி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தன் தம்பியின் விரலைப் போலவே தன் விரலை நடுவரிக்குக் கொண்டுபோகும்போது.

கொஞ்சல் காட்சியை எழுதியபோது மொழி பற்றிய கேள்வியும் தீர்ந்தது. இந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது பிரெஞ்சு அடிப்படையில் உருவான கிரியோல் மொழி. தமிழ் பள்ளியிலும் கோயிலிலும் கற்பது. முழுப் படத்தையும் தமிழில் பேசவைத்தால் செயற்கையாகிவிடும் என்று அவர்களே சொன்னார்கள். எனவே வசனம் பெரும்பாலும் கிரியோலில், திரையின் கீழே தமிழில் வசன வரிகள், பாட்டி மட்டும் தமிழும் கிரியோலும் கலந்து பேசுவது என்று முடிவாயிற்று. ஒரு தமிழாசிரியையாக எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் சின்னப் பேரன் எழுத்துக்கூட்டி ‘நூ-று’ என்று படிக்கும் இடம், தமிழ் அவனுக்குக் கற்றுக்கொள்ளும் மொழியாக இருந்தால்தான் உயிர் பெறுகிறது என்பதை ஒப்புக்கொண்டேன்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. தாளில் அச்சிட்ட ஆண்டே இருக்கிறது. மூன்று வாரமாக மொழி வரிசையைப் பற்றியே பேசிய எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. 1998 என்று தாளே சொல்லும்போது நடுவரியைப் பார்த்து ஊகிக்க வேண்டிய தேவை என்ன? ஒரு மாணவன் அந்த இடத்தை ஒருபோதும் காட்டாமல் எடுத்துவிடலாம் என்றான். இயக்குநர் மாணவி மறுத்தாள். பார்ப்பவர் பின்னால் ஒரு உண்மைத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏமாற்றப்பட்டதாக உணர்வார், மர்மக் கதையில் அந்த நம்பிக்கை போனால் மறுபடி வராது என்பது அவள் வாதம். நான் அவள் பக்கம் நின்றேன். இறுதியில் ஆண்டை மறைக்காமல் பின்னுக்கு வைத்தோம். உறை பிரியும் ஷாட்டில் தாளைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் இயல்பாகவே அந்த எண்ணின்மேல் இருக்கும். மூன்றாம் முறை, நடுவரியால் சந்தேகம் உறுதியான பிறகு, அவள் கட்டைவிரலை மெதுவாக விலக்குவாள், ஆண்டு தெரியும். வரிசை சந்தேகத்தை எழுப்புகிறது, ஆண்டு முத்திரை குத்துகிறது. கட்டைவிரல் எங்கே இருக்க வேண்டும் என்று நடிக்கும் மாணவி தன் வீட்டில் சாதாரணத் தாளை வைத்து ஒரு வாரம் பழகினாள். விரலை வேண்டுமென்றே வைத்தது போலத் தெரிந்தால் எல்லாமே கெட்டுவிடும்.

இடமும் வெயிலும் கரும்பும்

இடத் தேர்வில் இரண்டு பாடம் மட்டும் விரிவாகச் சொல்லத் தக்கவை.

பேத்தியும் பழைய கடைப் பையனும் யாரும் காணாமல் சந்திக்கும் காட்சிக்குக் கரும்புத் தோட்ட ஓரத்து மண்பாதை ஒன்றைப் பிள்ளைகள் ஜூன் முதல் வாரத்தில் பார்த்து வைத்தார்கள். கரும்பு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, பூவிட்டு நின்றது. உள்ளே நான்கு அடி போனால் ஆளே தெரியவில்லை. ஆனால் இங்கே வெட்டு ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை போகிறது. படப்பிடிப்போ ஜூலை இறுதியில். தோட்டத்துக்காரரிடம் கேட்டபோது அந்தத் துண்டு ஜூலை நடுவிலேயே வெட்டுப்படும் என்றார். கேட்காமல் போயிருந்தால் மறைவிடம் இருந்த இடத்தில் மொட்டைத் தரையும் தூரத்தில் கோர் டெ கார்ட் மலையும்தான் நின்றிருக்கும். கடைசியாக வெட்டும் துண்டு எது என்று அவரிடமே கேட்டு அங்கே மாற்றிக்கொண்டோம், தேதி தவறினால் அதே காட்சியை வெட்டிய நிலத்தில், ஒளிய இடமே இல்லாத அச்சத்தோடு எடுக்கும் மாற்று வடிவத்தையும் எழுதி வைத்தோம். எனக்கு அந்த மாற்று வடிவமே கூடுதலாகப் பிடித்திருந்தது.

வெயில் விஷயம் நுட்பமானது. ஒளிப்பதிவு மாணவன் படித்த வழிகாட்டிகள் எல்லாம் வடக்கு ஜன்னலில் நாள் முழுதும் சீரான, நேர்வெயில் படாத வெளிச்சம் கிடைக்கும் என்று சொல்லின. அவை வட அரைக்கோளத்தில் எழுதப்பட்டவை. நாம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறோம். ஜூலையில் நண்பகல் சூரியன் நமக்கு வடவானில், ஏறத்தாழ 50 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. வடக்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக உள்ளே விழுந்து தரையில் நகர்ந்துகொண்டே இருக்கும். கிடங்குக் காட்சியைக் காலையிலும் மாலையிலுமாகப் பிரித்து எடுத்துச் சேர்த்தால், தொடர்ந்து நடக்கும் இரண்டு நிமிடத்துக்குள் வெயில் சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தாவும். தேதியும் நேரமுமே துப்பாக இருக்கும் படத்தில், பார்ப்பவர் அந்தத் தாவலையும் துப்பு என்று எடுத்துக்கொள்வார். அதனால் தெற்கு ஜன்னல் உள்ள கிடங்கு அறையைத் தேடினோம். ஒரு வீட்டின் பின்கட்டில் கிடைத்தது. அங்கிருந்த டியூப் லைட்டை அணைத்தே வைப்பது, அணைக்க முடியாத இடங்களில் விளக்கின் மினுக்கம் படத்தில் தெரியாதபடி 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்ப ஷட்டரை 1/50 விநாடியில் வைப்பது என்று குறித்துக்கொண்டோம். அந்த மாதங்களில் தென்கிழக்குக் காற்று ஓயாது, கரும்புத் தோகை இரைச்சலில் வசனம் மூழ்கும். அந்தச் சந்திப்பில் பேச்சை மூன்று வரியாகக் குறைத்ததற்கு அதுவே காரணம்.

அனுமதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கோயிலுக்குள் படம் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, வாசலும் மணியோசையும் போதும் என்று கமிட்டியிடம் எழுதிக் கேட்டோம், தந்தார்கள். ட்ரோன் ஆசையைக் கைவிட்டோம், அதன் அனுமதிக்குக் காத்திருக்க நேரமில்லை. எல்லா மாணவர்களின் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கினோம்.

உறைகள்

தாளைவிட உறைதான் கடைசி வாரத்தில் அதிக நேரத்தை எடுத்தது. உறையைக் கிழிக்கும் ஷாட் ஒரே முறையில் சரியாக வராது. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒட்டிய உறை ஒன்று வேண்டும். எட்டு உறைகள் தயார் செய்தோம். எல்லாவற்றிலும் தேதியை ஒரே கை, ஒரே பேனாவால் எழுத வேண்டும். பொருளாளராக நடிப்பவர் ஒரு மாணவியின் மாமா. அவரையே எழுதவைத்தோம், ஏனென்றால் ஒன்பதாம் காட்சியில் அவர் கடைக் கணக்கில் எழுதுவது கிளோசப்பில் வருகிறது. ‘6’ என்ற எண்ணின் வால் அவருக்கு உள்ளே சுருண்டு போகும். அதை நாங்கள் கேட்கவில்லை, அது அவர் பழக்கம். உறையிலும் கணக்கிலும் அதே வால் தெரியும். தேயிலைச் சாயத்தில் தோய்த்துக் காயவைத்த எட்டு உறைகளில் மூன்று அதிகமாகக் கருத்துவிட்டன, அவற்றை ஒத்திகைக்கு ஒதுக்கினோம்.

நடிகர்களுக்கு எவ்வளவு சொல்வது என்பதில் குழு இரண்டாகப் பிரிந்தது. பேத்தியாக நடிப்பவளுக்கு ஆறாம் காட்சி வரையுள்ள பக்கங்களை மட்டும் கொடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். கட்டைவிரல் பழகுபவளுக்கு முடிவு தெரியாமல் எப்படி இருக்கும்? அவளுக்கு முழுக் கதையும் கொடுத்தோம். மாமாவுக்குத்தான் கடைசி இரண்டு பக்கம் தரவில்லை. தன் குட்டு எதனால் உடைகிறது என்று பொருளாளருக்கே தெரியாது. அதை நடிப்பவருக்கும் தெரியாமல் இருக்கட்டும் என்று இயக்குநர் விரும்பினாள்.

மொத்தம் 52 ஷாட்கள், மூன்று நாள். எந்த ஷாட்டை முதலில் எடுப்பது என்று கேட்டபோது எல்லாரும் எளிய காட்சி ஒன்றைச் சொல்லிக் கை பழகிக்கொள்ளலாம் என்றார்கள். அது நல்ல வழக்கம்தான், ஆனால் மாணவனின் தாத்தாவுடைய அந்த 1998 தாள் எங்களிடம் ஒரு முற்பகல் மட்டுமே இருக்கும் என்று அவரோடு பேசி முடித்திருந்தோம். ஆகவே முதல் நாள் காலை ஏழரை மணிக்கு, தெற்கு ஜன்னலின் கீழ் மேசை போட்டு, தாள் வரும் நான்கு கிளோசப்களையும் முதலில் எடுப்பது, தாளைக் கையில் எடுக்கும் மாணவி அதற்கு முன் கைகழுவித் துடைப்பது, நண்பகலுக்குள் அதே பிளாஸ்டிக் உறையில் தாளைப் போட்டுப் பேரன் கையாலேயே தாத்தாவிடம் திருப்பிக் கொடுப்பது என்று அட்டவணையின் முதல் வரியாக எழுதி, அதன்கீழ் மற்ற 48 ஷாட்களையும் அடுக்கினோம்.